பத்திரத்தோடு வந்த அரசாங்கம்

நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில், கடலை ஒட்டி, நெப்பான்ஸிட் என்றொரு குடியிருப்பு உண்டு. அந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்ற கம்பெனி 1917-ஆம் ஆண்டில் எழுதிய கிரயப் பத்திரத்தில், சாலை, பூங்கா, கடற்கரை, கழிவுநீர்க் குழாய் முதலியவற்றின் பராமரிப்புக்காக மனையை வாங்குகிறவரும் அவருக்குப் பின் வாங்குகிறவர்களும் ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்திவர வேண்டும் என்றும், அத்தொகை இருபதடிக்கு நூறடி கொண்ட மனை ஒன்றுக்கு 4 டாலருக்கு மேற்படலாகாது என்றும், செலுத்தத் தவறினால் அது மனையின்மேல் வில்லங்கமாக நிற்கும் என்றும் கண்டிருந்தது. 1935-ல் அந்த மனை கோர்ட் ஏலத்தில் ஒரு சேமிப்பு வங்கியின் கைக்கு வந்தபோது, தான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்ததில்லையென்றும், வசூலிக்க வந்திருக்கும் மனை உரிமையாளர் சங்கம் மனைகளை விற்ற கம்பெனியிடமிருந்து ஒரு சாண் நிலமும் பெறவில்லையென்றும் வங்கி வாதாடிற்று. 1938-ல் அம்மாநிலத்தின் உச்ச நியாயஸ்தலம் அவ்வாதத்தைத் தள்ளியது. கொடுத்த வாக்கு மண்ணோடு ஓடுகிறது. யார் மண்ணை வாங்கினாலும் வாக்கையும் சேர்த்தே வாங்குகிறார். சங்கமோ சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான கருவியாதலால் அதற்கு வழக்காடும் பாத்தியதை உண்டு என்று தீர்ப்பாயிற்று.

அந்த நாலு டாலரின்மேல்தான் இன்றைய அமெரிக்கக் குடியிருப்புகளில் கணிசமான பகுதி நிற்கிறது. 1970-ல் சுமார் பத்தாயிரமாக இருந்த இத்தகைய சங்கங்கள் இன்று மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன என்றும், ஏழு கோடிக்கு அதிகமான ஜனங்கள் அவற்றின் ஆளுகைக்குள் வாழ்கிறார்கள் என்றும் சங்கங்களின் மகாசங்கமே கணக்கிடுகிறது. புல்லை எத்தனை அங்குலத்துக்கு வெட்டுவது, வாசற்கதவுக்கு என்ன வர்ணம் பூசுவது, குப்பைத் தொட்டியைத் தெருவில் எத்தனை மணி நேரம் வைப்பது என்பதிலிருந்து, சந்தா கட்டாதவருடைய வீட்டை ஏலத்தில் விடுவதுவரை இச்சங்கங்களின் அதிகாரம் விரிகிறது. வரி விதிக்கிறது, சட்டம் செய்கிறது, அபராதம் போடுகிறது, சில வேளைகளில் தானே விசாரித்துத் தானே தீர்ப்பும் சொல்கிறது. இப்படிப்பட்ட ஸ்தாபனத்தோடு பிணக்கு நேரும்போது, சொந்த வீட்டில் வாழும் மனிதனுக்கு உள்ள உரிமை யாது என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

இதன் மூலத்தைத் தேடிப் போனால் லண்டன் மாநகரத்து லெஸ்டர் சதுக்கத்தில் போய் நிற்போம். அந்தச் சதுக்கத்தின் தோட்டத்தை 1808-ல் விற்றவர், அதைத் திறந்த தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். பல கை மாறி வந்த கடைசிச் சொந்தக்காரர், அவ்வாக்கை அறிந்தே வாங்கியவர், அங்கே கட்டடம் எழுப்ப முனைந்தபோது, தெரிந்து வாங்கியவனை அந்த வாக்குக் கட்டும் என்று 1848-ல் காட்டன்ஹாம் பிரபு தீர்ப்பளித்தார். தோட்டத்தைக் காப்பாற்றிய அந்தத் தத்துவம் கடல் கடந்தபின் மனிதரைப் பிரிக்கவும் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கான்ஸாஸ் சிட்டியில் ஜே. ஸி. நிக்கல்ஸ் போன்ற மனை வியாபாரிகள், காலம் முடிந்தால் தாமே புதுப்பித்துக்கொள்ளும் நிபந்தனைகளைப் பத்திரத்தில் எழுதினார்கள். அவற்றுள் கறுப்பினத்தார் இங்கே வாங்கவோ குடியிருக்கவோ கூடாது என்பதும் ஒன்று. 1948-ல் ஸெயிண்ட் லூயி நகரத்து வீடொன்றைப் பற்றிய ஷெல்லி வழக்கில், அத்தகைய நிபந்தனையைத் தனிமனிதர் தமக்குள் எழுதிக்கொள்ளலாமாயினும், நியாயஸ்தலம் அதை நிறைவேற்றக் கை கொடுத்தால் அது ராஜாங்கத்தின் செய்கையாகிவிடும், ராஜாங்கம் அப்படிச் செய்வது அரசியல் சாஸனத்துக்கு விரோதம் என்று அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஒன்பது நீதிபதிகளில் மூவர், காரணம் சொல்லாமலே, அவ்வழக்கிலிருந்து விலகிக்கொண்டார்கள்.

அந்தத் தர்க்கத்தை அப்படியே நீட்டினால், பத்திரத்து நிபந்தனை எதுவாயினும் கோர்ட் அதை அமல் செய்யும்போது அரசியல் சாஸனம் உள்ளே வந்தாக வேண்டும். ஆனால் நீதிபதிகள் நீட்டவில்லை. இன விஷயத்தோடு அதை நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே அமெரிக்கப் பிரஜைக்குத் தெருமுனையில் உள்ள பேச்சுச் சுதந்திரம் அவனுடைய சொந்தப் புல்தரையில் இல்லாமற்போகலாம் என்ற விசித்திரம் இன்றும் நிலவுகிறது. நியூஜெர்ஸியில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பில் சுமார் பத்தாயிரம் பேர் வாழ்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் அது ஒரு பேரூராட்சி. அங்கே தேர்தல் பலகைகளுக்கு இடமும் எண்ணிக்கையும் வகுத்த சங்கத்தின் விதியை எதிர்த்துச் சிலர் வழக்கிட்டபோது, சங்கம் ராஜாங்கமல்ல, விதியும் மிதமிஞ்சியதல்ல என்று அம்மாநிலத்து உச்ச நீதிமன்றம் 2007-ல் கைவிரித்தது. அதே மாநிலத்தில், வேறொரு குடியிருப்பில், நகரசபைக்குப் போட்டியிட்ட ஒருவர் தம் வீட்டு ஜன்னலில் தமக்கே ஓட்டுக் கேட்டு ஒரு பலகை வைத்தார். ‘விற்பனைக்கு’ என்ற பலகைக்கு அனுமதி கொடுத்த சங்கம், ஓட்டுக்கான பலகையைக் கழற்றச் சொல்லிற்று. இதை மட்டும் அந்த நீதிமன்றத்தால் சகிக்க முடியவில்லை. 2012-ல் உரிமையாளரின் பக்கம் தீர்ப்பாயிற்று. ஆனால் நியூஜெர்ஸியின் அரசியல் சாஸனம் பேச்சுரிமைக்கு விசாலமான இடம் கொடுக்கிறது என்பதையும், வேறு மாநிலங்களில் இருப்பவர் அதைக் காட்டிப் பயன்பெறுவது அரிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் கொண்ட மனப்பான்மையை அறிய வேண்டுமானால், கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் லேக்சைட் வில்லேஜ் என்ற 530 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் நடந்த பூனை வழக்கைப் பார்க்க வேண்டும். ஒரு மாது தம் வீட்டுக்குள் மூன்று பூனைகளை வளர்த்தார். அவை வெளியே போவதில்லை, சத்தமிடுவதில்லை, யாருக்கும் உபத்திரவமில்லை என்பது அவர் கட்சி. பிராணிகள் கூடாது என்று குடியிருப்புக்கென்று பதிவான சாசனத்தில் இருக்கிறது என்பது சங்கத்தின் கட்சி. மாதாமாதம் அபராதம் ஏறிக்கொண்டே போயிற்று. 1994-ல் அம்மாநிலத்து உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. பதிவாகி வாங்குகிறவர் கண்ணுக்கு எட்டும்படி இருக்கும் நிபந்தனை நியாயமானதென்றே கொள்ளப்படும். அது நியாயமா என்பதை இந்த மாதின் மூன்று பூனைகளை வைத்துப் பார்க்கலாகாது, 530 வீடுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது. அரேபியன் என்ற நீதிபதி ஒருவர் மட்டும் மாறுபட்டு, வீடு என்பது மனிதனுடைய அந்தரங்கமான ஸ்தானம் என்பதை மையமாக வைத்து நீண்ட எதிர்த்தீர்ப்பு எழுதினார். எண்ணிக்கையில் அவர் தோற்றார். ஆயினும் ஆறாண்டுக்குள் கலிபோர்னியாவின் சட்டசபை, 2001-ஆம் ஆண்டு முதல் புதிதாக எழுதப்படும் அல்லது திருத்தப்படும் சாசனங்கள் எவையும், வீட்டுக்கு ஒரு செல்லப் பிராணியையாவது முற்றிலும் தடை செய்யக் கூடாது என்று சட்டம் செய்தது.

இந்த இரண்டு அடிகளையும் — கோர்ட் மறுத்தது, சட்டசபை கொடுத்தது — வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நாம் மேலே காணப்போகும் உரிமைகளில் பல இந்த வரிசையில்தான் பிறந்தவை. ஒப்பந்தம் என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு நீதிபதி கையைக் கட்டிக்கொள்வார். பாதிக்கப்பட்ட ஒரு முகம் பத்திரிகையில் வரும். அடுத்த கூட்டத்தொடரில் ஒரு மசோதா வரும்.

நீதிமன்றத்திலேயே உரிமையாளருக்குக் கிடைத்த முக்கியமான பேதம் ஒன்று புளோரிடாவில் பிறந்தது. ஹிடன் ஹார்பர் எஸ்டேட்ஸ் என்ற ஒரே ஸ்தாபனத்தின் பெயரில் இரண்டு வழக்குகள் உண்டு. 1975-ல், பொது மண்டபத்தில் மது அருந்தலாகாது என்ற விதி செல்லும் என்று தீர்ப்பாயிற்று; சேர்ந்து வாழ்கிறவர் தம் சுதந்திரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்பது காரணம். 1981-ல், தம் மனையில் கிணறு தோண்டிய ஒரு தம்பதிக்கு நிர்வாக சபை மறுத்த அனுமதி செல்லாதென்றாயிற்று. சபை சொன்ன ஆபத்துகள் எவையும் நிரூபிக்கப்படவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே நீதிபதிகள் கிழித்த கோடு இன்றைக்கும் பயன்படுகிறது: பதிவான மூலச் சாசனத்தில் உள்ள நிபந்தனைக்கு வலிமையான கவசம் உண்டு, நிர்வாக சபை பிற்பாடு தன் விருப்பப்படி எடுக்கும் முடிவுக்கு அவ்வளவு கவசம் இல்லை, அது நியாயமாக இருந்தாக வேண்டும். எனவே நோட்டீஸ் கையில் கிடைத்த உரிமையாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்தத் தடை எந்த ஏட்டில் இருக்கிறது?’ என்பதே. ஆனால் பராமரிப்புச் செலவு, பழுதுபார்க்கும் முறை போன்ற நிர்வாக விஷயங்களில், நல்லெண்ணத்தோடு விசாரித்து எடுத்த முடிவை நீதிமன்றம் கிளறுவதில்லை. கரையானுக்குக் கட்டடம் முழுவதும் புகையடிக்காமல், கண்ட இடத்தில் மட்டும் மருந்தடித்த லா ஹோயாவின் சங்கத்தைக் கலிபோர்னிய நீதிமன்றம் 1999-ல் அப்படித்தான் விட்டுவிட்டது.

பணத்தைப் பற்றிய சச்சரவுதான் இவற்றுள் கொடியது. பூனையால் வீடு போவதில்லை, சந்தாவால் போகிறது. டெக்ஸாஸ், குடியிருக்கும் வீட்டைக் கடன்காரனிடமிருந்து காப்பதில் பெருமை கொண்ட மாநிலம். தனிக் குடியரசாக இருந்த காலத்திலேயே, 1839-ல், அதற்குச் சட்டம் செய்தது. ஆயினும் 1987-ல் அதன் உச்ச நீதிமன்றம், சங்கத்தின் வில்லங்கம் சாசனம் பதிவான நாளிலிருந்தே மண்ணில் ஒட்டியிருக்கிறது, குடும்பம் அங்கே குடியேறியது அதற்குப் பின்னால்தான், ஆகையால் வீட்டுப் பாதுகாப்பு இந்த வில்லங்கத்தைத் தடுக்காது என்று தீர்ப்பளித்தது. தர்க்கத்தில் குற்றமில்லை. பலன் பதினான்கு ஆண்டு கழித்துத் தெரிந்தது: ஹூஸ்டனில் எண்பது வயதைக் கடந்த ஒரு விதவையின் ஒன்றரை லட்சம் டாலர் பெறுமான வீடு, ஆயிரம் டாலருக்கும் குறைவான சந்தா பாக்கிக்காக, 5,000 டாலருக்கு ஏலம் போயிற்று. ஊர் கொதித்தது, அவ்வாண்டே நிறைவேறிய சட்டம், ஏலம் போன வீட்டை 180 நாளுக்குள் பணம் கட்டி மீட்கும் உரிமையைக் கொடுத்தது, வெறும் அபராதத்துக்காகவும் அபராதத்தைத் தொடர்ந்த வக்கீல் கூலிக்காகவும் மட்டும் வீட்டை விற்கலாகாதென்றும் விதித்தது.

அது போதவில்லை. 2009-ல் டாலஸுக்கு அருகே பிரிஸ்கோ நகரத்தில், அடமானக் கடன் எதுவும் இல்லாத, மூன்று லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு, மறுபடியும் ஆயிரம் டாலருக்குட்பட்ட பாக்கிக்காக, 3,500 டாலருக்கு விற்கப்பட்டது. அவ்வீட்டின் சொந்தக்காரர் ராணுவக் காப்டனாக ஈராக் யுத்தகளத்தில் இருந்தார். படையில் இருப்பவர் சொத்தை அப்படி விற்பதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் இருந்தும் விற்பனை நடந்துவிட்டது. ஏனெனில், நீதிபதி ஒருவரும் அந்தக் காகிதத்தைப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. கோர்ட்டுக்கு வெளியிலேயே ஏலம் போடும் அதிகாரம் சங்கத்துக்கு இருந்தது. வழக்குப் போட்டுச் சமரசத்தில் அவர் வீட்டை மீட்டுக்கொண்டார். 2011-ல் டெக்ஸாஸ் சட்டசபை, கோர்ட் உத்தரவு இல்லாமல் சங்கம் ஏலத்துக்குப் போகலாகாதென்றும், பாக்கிதாரருக்குத் தவணை முறையில் கட்டும் வசதியை முதலில் கொடுக்க வேண்டுமென்றும் விதி செய்தது. கலிபோர்னியா வேறொரு வழியில் போயிற்று: சந்தா பாக்கி 1,800 டாலரை எட்டவேண்டும், அல்லது ஓராண்டைக் கடக்கவேண்டும், அதற்கு முன் ஏலம் இல்லை. நெவாடாவிலோ நிலைமை தலைகீழ். சங்கத்தின் ஒன்பது மாதச் சந்தா வில்லங்கம், வங்கியின் முதல் அடமானத்தையே அழித்துவிடும் என்று 2014-ல் தீர்ப்பாயிற்று. நாலு டாலருக்கு வழக்காடித் தோற்ற அந்தப் பழைய வங்கியின் வம்சத்தார், சில ஆயிரங்களுக்காக லட்சங்களை இழந்தனர். வங்கிகளுக்காகக் கண்ணீர் விடுவோர் குறைவாதலால் அது பெரிய செய்தியாகவில்லை.

இங்கே உரிமையாளர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சங்கம் தன் கடமையைச் செய்யவில்லை, கூரை ஒழுகுகிறது, ஆகவே நான் சந்தா கட்டமாட்டேன் என்று கோபத்தில் நிறுத்திவிடுவார்கள். வாடகைக்காரன் சில இடங்களில் அப்படிச் செய்யலாம். சொந்தக்காரன் செய்ய முடியாது. மாஸசூஸெட்ஸின் உச்ச நியாயஸ்தலம் 1992-ல் இதைத் தெளிவாகச் சொல்லிற்று: சங்கத்தின்மேல் நியாயமான குறை இருந்தாலும் சந்தாவைக் கட்டியே ஆக வேண்டும்; ஒருவர் பங்கு நின்றால் மற்றவர்களின் கூரையும் சேர்ந்து ஒழுகும். நிறுத்திய சந்தா வட்டியும் தாமதக் கட்டணமும் வக்கீல் கடிதத்தின் கூலியுமாகப் பெருகுவதையும், முதலைவிட வக்கீல் கூலி பன்மடங்காவதையும் கண்டவர் பலர். பல மாநிலங்களில் வென்றவருக்குத் தோற்றவர் வக்கீல் செலவு கொடுக்க வேண்டும். அது இரு பக்கமும் கூரான கத்திதான். ஆனால் சங்கத்தின் தோல்விச் செலவு எல்லா அங்கத்தினர்களின் சந்தாவிலிருந்தும் போகிறது, தனிமனிதனுடையது அவனுடைய சேமிப்பிலிருந்து போகிறது.

நடைமுறை உரிமைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். கணக்கையும் குறிப்பேட்டையும் பார்க்கும் உரிமை, நிர்வாக சபையின் கூட்டத்தில் உட்காரும் உரிமை, ரகசிய ஓட்டு, அபராதத்துக்கு முன் நோட்டீஸும் விசாரணையும் ஆகியவை அநேக மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் உண்டு. புளோரிடாவில் 14 நாள் அறிவிப்பும், நிர்வாகிகளோ அவர்களுடைய உறவினரோ அல்லாத மூவர் குழுவின் சம்மதமும் இன்றி அபராதம் செல்லாது. ஆவணங்களைக் கேட்டுப் பத்து வேலை நாளுக்குள் காட்டாவிட்டால் சங்கமே நஷ்டஈடு கொடுக்க நேரும். கலிபோர்னியாவில் கோர்ட்டுக்குப் போகுமுன் பெரும்பாலான விவகாரங்களில் மத்தியஸ்தத்துக்கு அழைக்க வேண்டும்; 2025-ஆம் ஆண்டு முதல், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடில்லாத மீறலுக்கு அபராதம் 100 டாலரைத் தாண்டக் கூடாது. குப்பை வண்டி வரும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 24 மணிக்குள் தொட்டி வெளியே இருந்ததற்காக அபராதம் போடலாகாது என்று புளோரிடாவின் சட்டசபை 2024-ல் சட்டம் செய்ததைப் படிக்கிறபோது, சட்டசபைகள் எவ்வளவு சிறிய விஷயத்துக்கு இறங்கிவர நேர்ந்தது என்று தோன்றாமலில்லை.

மத்திய அரசாங்கம் தன் பங்குக்குச் சில ஓட்டைகளை இந்தச் சுவரில் போட்டிருக்கிறது. ஒரு மீட்டருக்கு மேற்படாத டிஷ் ஆன்டெனாவைச் சொந்தப் பகுதியில் வைப்பதை 1996-ஆம் ஆண்டு விதியால் சங்கம் தடுக்க முடியாது. தேசியக் கொடிக்கு 2006-ல் ஒரு சட்டம் வந்தது. அங்கக் குறைபாடுள்ளவருக்கு உதவும் பிராணியை, பிராணித் தடை இருந்தாலும், நியாயமான சலுகையாக ஏற்க வேண்டும் என்பது வீட்டு வசதியில் பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டத்தின் பொருள்.

சிகாகோவின் ஷோர்லைன் டவர்ஸ் விவகாரம் நம்மவருக்கும் நெருக்கமானது. மிதியடி, செருப்பு, தள்ளுவண்டி, வேறெந்தப் பொருளும் கதவுக்கு வெளியே இருக்கலாகாது என்ற பொதுவிதியைக் கொண்டு, யூதக் குடும்பமொன்று நிலைக்காலில் பதித்திருந்த மெஸூஸா என்னும் மறைச்சுருளை நிர்வாகம் திரும்பத் திரும்பப் பிடுங்கியது. விதி எல்லாருக்கும் ஒன்றுதானே என்ற வாதம் முதலில் வென்றது. பின்னர் 2009-ல், வேண்டுமென்றே ஒரு மதத்தாரைக் குறிவைத்தார்களா என்பதை ஜூரி விசாரிக்க வேண்டும் என்று மேல் நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. இதற்கிடையில் நகரசபையும் மாநிலமும் சட்டம் செய்துவிட்டன. டெக்ஸாஸ் 2011-ல், 25 சதுர அங்குலத்துக்கு உட்பட்ட மதச் சின்னத்தைக் கதவில் வைக்க அனுமதித்து, பத்தாண்டு கழித்து அந்த அளவையும் நீக்கியது. ஹூஸ்டனிலும் டாலஸிலும் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டும் தமிழ்க் குடும்பங்கள், தமக்கு முன் வேறொரு நிலைக்காலில் நடந்த இந்தப் போராட்டத்துக்குக் கடன்பட்டிருக்கின்றன. 25 சதுர அங்குலத்துக்குள் தோரணம் கட்டுவது எப்படி என்று யோசித்தால் அந்தக் கடனின் அளவு புலப்படும்.

இவ்வளவும் சொன்னபின், சங்கம் என்றால் கொடுங்கோல், உரிமையாளன் என்றால் அபலை என்று முடித்துவிடுவது எளிது. 2021-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி விடியற்காலையில் புளோரிடாவின் ஸர்ப்ஸைடில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் இடிந்து 98 பேர் மாண்டதை நினைத்தால் அப்படி முடிக்க முடியாது. நீச்சல் குளத் தளத்தின் கான்கிரீட்டில் பெரும் சேதமிருக்கிறது என்று பொறியாளர் 2018-லேயே எழுதிக் கொடுத்திருந்தார். செப்பனிடச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. யார் எவ்வளவு கொடுப்பது என்று சண்டை நடந்தது. நிர்வாகிகள் பலர் ராஜிநாமாச் செய்தார்கள். கடைசியில் ஒன்றரைக் கோடி டாலர் வசூலிக்க முடிவானது கட்டடம் விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான். அதுகாறும் புளோரிடாவின் சட்டம், பழுதுபார்ப்புக்கான சேமிப்பு நிதியைப் பெரும்பான்மை ஓட்டால் ஆண்டுதோறும் தள்ளிவைக்க உரிமையாளர்களுக்கே அதிகாரம் தந்திருந்தது. அது அவர்களுடைய உரிமையாகவே கருதப்பட்டது. 2022-ல் அந்த உரிமை, கட்டடத்தின் உறுதியைப் பொறுத்த அம்சங்களுக்கு இல்லையென்று எடுக்கப்பட்டது. இன்று அங்கே முதியவர்கள் பலர் ஏறிய சந்தாவைத் தாங்காமல் வீட்டை விற்கிறார்கள். அவர்களுடைய முறையீட்டிலும் நியாயமில்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே பெரும்பான்மைக்கு எவ்வளவு அதிகாரம் என்ற கேள்வியே எஞ்சுகிறது. அரிஸோனாவில் டூஸான் நகரத்துக்கு வெளியே ஐந்தே மனைகள் கொண்ட குடியிருப்பு ஒன்று. நான்கு மனைகள் மூன்றரை ஏக்கருக்கும் குறைவு, ஒன்று மட்டும் 23 ஏக்கர். சாசனத்தைப் பெரும்பான்மை ஓட்டால் திருத்தலாம் என்று சாசனமே சொன்னது. 2018-ல் பெரிய மனைக்காரரைக் கலக்காமலே மற்றவர்கள், கட்டடங்களின் அளவு, கால்நடைகளின் எண்ணிக்கை, மனையைப் பிரித்து விற்பது முதலியவற்றுக்குப் புதிய தடைகளை எழுதிப் பதிவு செய்துவிட்டார்கள். கீழ்க்கோர்ட்டுகள் சிலவற்றை நீக்கிச் சிலவற்றை விட்டுவைத்தன. 2022-ல் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் திருத்தங்களின் பெரும்பகுதியைச் செல்லாதென்று அடித்தது. திருத்தும் அதிகாரம் பெரும்பான்மைக்கு உண்டு. ஆனால் மனையை வாங்கிய நாளில் சாசனத்தைப் படித்த ஒருவர், இப்படியொரு தடை பிற்காலத்தில் வரக்கூடும் என்று அதிலிருந்தே எதிர்பார்த்திருக்க முடியுமா என்பதுதான் அளவுகோல் என்றது. குடியிருப்பின் மதிப்பையும் அழகையும் காப்பதற்காக என்ற பொதுவான முகவுரை வாக்கியம் அதற்குப் போதாதென்றும் சொல்லிற்று. அந்த வாக்கியம் அமெரிக்காவில் எழுதப்படும் சாசனங்களில் மிகப் பலவற்றின் முதற்பக்கத்தில் இருக்கிறது.